எமனும் பெயர் கூப்பிடுகிறான்

"உங்க பெரியப்பா நாடகத்துல ஒன்னைப் படிச்சாப் போதும் தம்பி, மிச்சத்தையெல்லாம் படிச்ச மாதிரிதான்." மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதைச் சொன்னார். பெரியப்பாவின் நாடகங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கோயில் மண்டபத்தில், பசியாறிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னது. மனிதர் கெட்டவர் அல்ல. பெரியப்பாவின் நாடகங்களைத் தோட்டத்து மேடையில் பார்த்தவர், இரண்டில் சின்ன வேடமும் போட்டவர். அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அது உள்ளே உட்கார்ந்துகொண்டது. வெளியாள் யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

பெரியப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர். ஐம்பதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை, வருசா வருசம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாடகம் எழுதினார். எல்லாம் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்களில், ஊதா மையில். சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள் என்று கதை தெரிந்தவையும் உண்டு. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல், கள்ளுக்கடை, குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அடையாளக் கார்டு என்று அந்தந்தக் காலத்துத் தொல்லைகளை வைத்து எழுதியவையும் உண்டு. பகலில் கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர்கள் ராத்திரியில் ஒத்திகை பார்த்து நடித்தார்கள். அச்சில் ஒன்றுகூட வரவில்லை.

தலைமையாசிரியர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் தொல்லை. நோட்டுகளைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த முதல் வாரத்திலேயே எனக்கும் சில வரிகள் சலித்துவிட்டன. சாவித்திரியும் "பெற்ற வயிறு பற்றி எரிகிறதே" என்கிறாள், நல்லதங்காளும் அதையே சொல்கிறாள், தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட கிழவியும் சொல்கிறாள். சாவித்திரிக்கு அப்போது பிள்ளையே இல்லை! நீதி உறங்கிவிட்டதா என்று கேட்காத கதாநாயகனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வருவது என்றால் ஒரே வகைதானா? சோம்பேறித்தனமாகத் திரும்புவது வேறு, தன்னை அறியாமல் திரும்புவது வேறு இல்லையா? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மழை யாருடையது

எந்த வரி எங்கே திரும்புகிறது என்று தேடும் வேலையில் அதிகமாக அலசப்பட்டவர் ஷேக்ஸ்பியர். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஆண் வேடமிட்ட வயோலா, தன்மேல் ஆசைப்படும் சீமாட்டியிடம் 'நான் எதுவோ அது நானில்லை' என்கிறாள். சில ஆண்டுகள் கழித்து வந்த 'ஒதெல்லோ'வின் முதல் காட்சியில் இயாகோ அதே வரியை, சொல் மாறாமல் சொல்கிறான். ஒருத்தி நல்லவள், வேறு வழியில்லாமல் ஒளிகிறாள். இன்னொருவன் பாதகன், ஒளிவதே அவனுக்குத் தொழில். இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ எழுதியவரே இதைக் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. 'பன்னிரண்டாம் இரவு' முடியும்போது விதூஷகன் ஒரு பாட்டுப் பாடுகிறான். மழை தினந்தோறும் பெய்கிறது என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் அடி. 'லியர் அரசன்' நாடகத்தில் புயலுக்கு நடுவே அரசனின் விதூஷகன் அதே அடியைப் பாடுகிறான். இரண்டு வேடங்களையும் நடித்தவர் ராபர்ட் ஆர்மின் என்ற நடிகராக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கணிப்பு. அவர் 1599 வாக்கில் ஷேக்ஸ்பியரின் குழுவில் சேர்ந்த பாட்டுக்காரர். அப்படியென்றால் திரும்பி வந்தது எழுதியவரின் பழக்கமா, நடிகரின் சரக்கா? (தினமும் மழை என்றால் தினமும் மரம் ஈரம், வெட்டு இல்லை, கூலி இல்லை. கித்தா தோட்டத்துக்காரர்களுக்கு இது விதூஷகன் பாட்டாக இருக்க முடியாது.)

இதைப் படித்த சூட்டோடு அத்தையிடம் போனேன். பெரியப்பாவின் தங்கை, எண்பதைத் தாண்டியவர், எல்லா நாடகங்களையும் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து பார்த்தவர். மூன்று நாடகங்களில் அரசனும், பண்ணையாரும், தொழிற்சங்கத் தலைவரும் "தர்மம் தலை குனியும், தரையில் விழாது" என்று ஒரே வசனத்தைச் சொல்கிறார்களே என்று கேட்டேன். அத்தை சிரித்துவிட்டார். "அது எங்கண்ணன் எழுதுனதே இல்லடா. ராஜபார்ட் கட்டுன மண்டோரு இருந்தாரே, அவரு சேத்துக்கிட்டது. அத சொன்னாத்தான் அவருக்குக் கைதட்டு விழும். எந்த வேசம் குடுத்தாலும் சொல்லிருவாரு. கடைசில அண்ணனே நோட்டுல எழுதி வச்சிட்டாரு." ஆக, தலைமையாசிரியர் கணக்கில் பெரியப்பாவின் குற்றமாக இருந்த ஒரு வரி, எப்போதோ செத்துப்போன ஒரு மண்டோரின், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளரின், கணக்குக்குப் போனது.

எண்ணுவதில் உள்ள வம்பு

தட்டச்சு முடிந்ததும் கணினியில் தேட ஆரம்பித்தேன். ஆன்ட்கான்க் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு சொல், மூன்று சொல் கோவைகளை எண்ணிக் கொடுக்கும். யூனிகோடு தமிழ் அதற்குப் பிரச்சினை இல்லை. ஆங்கில ஆய்வாளர்கள் பெரும்பாலும் மூன்று சொல், அதற்கு மேலான கோவைகளைத் தேடுகிறார்கள். தமிழில் அதை அப்படியே வைத்தால் வலையில் பாதி மீன் தப்பிவிடும். அவர்களுக்கு மூன்று சொல்லாக இருப்பது நமக்கு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். பெரியப்பா 'வந்து விட்டான்' என்று ஒரு பக்கத்திலும் 'வந்துவிட்டான்' என்று அடுத்த பக்கத்திலும் எழுதுகிறவர். 'அந்தக்', 'அந்தச்', 'அந்தப்' என்று ஒற்று மிகுந்தால் கணினிக்கு அவை மூன்று வேறு சொற்கள். கடைசியில் ஒற்றுகளை நீக்கி, வேற்றுமை உருபுகளைக் கையால் களைந்து, இரண்டு சொல் கோவைகளாக எடுத்தேன். அப்புறம்தான் பட்டியல் ஒழுங்காக வந்தது.

வந்த பட்டியல் தலைமையாசிரியர் பக்கம்தான் பேசியது. நூற்றுக்கணக்கில் வரிகள் திரும்பியிருந்தன. அப்போது கை கொடுத்தவர் மியூரியல் செயின்ட் கிளேர் பைர்ன் என்ற ஆங்கில அறிஞர். பழைய நாடகங்களில் எந்தப் பகுதியை யார் எழுதினார் என்று சொல் ஒற்றுமையை வைத்து ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1932இல், அந்த விளையாட்டுக்குச் சில விதிகளை எழுதினார். இரண்டு இடத்தில் ஒரே சொற்கள் வந்தால், எழுதியவர் ஒருவராக இருக்கலாம், ஒருவர் மற்றவரிடம் தெரிந்தோ தெரியாமலோ எடுத்திருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். வெறும் சொல் ஒத்துப்போவதைவிட, சொல்லோடு எண்ணமும் சேர்ந்து ஒத்துப்போவது பெரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தொடர் அந்தக் காலத்தில் மற்றவர்களிடம் இல்லை என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

தரம் என்றால் என்ன என்பதற்கு 'சர் தாமஸ் மோர்' நாடகத்தின் கையெழுத்துப் பிரதி நல்ல சாட்சி. பலர் சேர்ந்து எழுதிய நாடகம் அது. வந்தேறிகளை விரட்டச் சொல்லிக் கலகம் செய்யும் லண்டன் கூட்டத்தை மோர் அடக்கும் பகுதி ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று இன்று பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். சட்டம் இல்லையென்றால் மனிதர்கள் பேராசை கொண்ட மீன்களைப் போல ஒருவரை ஒருவர் தின்பார்கள் என்கிறார் மோர். 'கோரியலேனஸ்' நாடகத்திலும் கலகக் கூட்டத்தைப் பார்த்து, உங்களை அடக்கி வைக்க ஆள் இல்லையென்றால் ஒருவரை ஒருவர் தின்பீர்கள் என்று அதே சொற்களில் பேச்சு வருகிறது. இதை 1923இலேயே ஆர். டபிள்யூ. சேம்பர்ஸ் என்ற அறிஞர் எடுத்துக் காட்டினார். பெரிய மீன் சின்ன மீனைத் தின்பது உலகத்துக்கே பொதுவான பேச்சு. ஆனால் கலகக் கூட்டம், அதை அடக்கும் பேச்சு, ஒழுங்கு போனால் தின்றுகொள்வீர்கள் என்ற பயமுறுத்தல், அதே வினைச்சொல் என எல்லாம் ஒரே இடத்தில் கூடுவது பொதுவானது அல்ல.

நம்மிடமும் இதற்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. சங்கப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை எடுத்துக்காட்டி, அவை வாய்மொழிப் பாணர் மரபின் பொதுச் சொத்து என்று வாதாடினார் க. கைலாசபதி, அந்த ஆங்கில நூல் 1968இல் வந்தது. அந்த முனையில் சொல் யாருக்கும் சொந்தமில்லை. மறுமுனையில் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு. பாடியவர் பெயர் தெரியாமல் போய், அவர் சொன்ன செம்புலப் பெயல் நீரே அவருக்குப் பெயராகிவிட்டது. அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். ஒருவருடைய தொடர் அவரை மட்டுமே காட்டும் அளவுக்குத் தனியாக நின்றால் மட்டுமே இப்படிப் பெயர் வைக்க முடியும். பெரியப்பாவுக்கு அப்படி ஒரு பெயர் வைக்க வேண்டுமென்றால் எதை வைத்து வைப்பது?

மற்றவர்களிடம் தேடிப் பார்ப்பதற்கு, அதே காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் நாடகம் போட்டவர்களின் வீட்டிலிருந்து சில பிரதிகள் கிடைத்தன. பழுத்துப்போன தாள்கள், ஓரமெல்லாம் கறையான். பற்றி எரியும் வயிறு அங்கேயும் எரிந்தது. நீதி அங்கேயும் உறங்கியது. இதெல்லாம் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த மேடையும் பின்னால் வந்த திராவிட இயக்க மேடையும் விட்டுப்போன பொது முதல். சுவாமிகளே 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். ராத்திரி எழுதிக் காலையில் ஒத்திகைக்குக் கொடுக்கிறவன் பொதுப் பெட்டியில் கை விடாமல் எப்படி எழுத முடியும்? அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. கேட்டுப் பழகிய வசனம் வரும்போது கூட்டம் முந்திக்கொண்டு சொல்வதும் ஒரு சுகம்தானே. ஆனால் பொதுவானதைக் கழித்தபின் மிஞ்சுவது என்ன என்று பார்க்க வேண்டும்.

உள்ளே குரல்

மிஞ்சியது, கணினிப் பட்டியலில் மிகக் கீழே கிடந்தது. அதிலும் கணினி காட்டியது 'பேர் கூப்பிடு' என்ற ஒரு நுனியை மட்டும்தான். மற்றதை நோட்டுகளில் தேடிப் பிடித்தேன்.

சாவித்திரி நாடகத்தில் எமன் பாசக்கயிற்றோடு பாய்ந்து வருவதில்லை. முதலில் திரைக்குப் பின்னாலிருந்து, "சத்தியவான் வந்திருக்கிறானா? பேர் கூப்பிடும்போது வாயைத் திறக்க வேண்டும்" என்கிறான். காட்டில் பனி, சாவித்திரி கையில் விளக்கு. புருசன் பதில் சொல்லவில்லை. சற்று நேரம் யாரும் பேசுவதில்லை. அப்புறம் சாவித்திரி, "இருக்கிறார் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்" என்று புருசனுக்காகத் தான் பதில் சொல்கிறாள். கோவலன் நாடகத்தில் கொலைக்களத்துக் காவலன் உள்ளேயிருந்து பெயர் கூப்பிடுகிறான். அங்கேயும் விளக்கு, ஈரம், பதில் வராத ஓர் இடைவெளி. கள்ளுக்கடை நாடகம் சிரிப்பு நாடகம். அதிலும் வாசலில் குடித்துவிட்டுக் கிடப்பவனைப் பெண்டாட்டி பெயர் சொல்லி எழுப்ப, அவன் கண்ணைத் திறக்காமலேயே "இருக்கேன் தொர, பேரைப் போடுங்க" என்கிறான். துண்டாடல் நாடகத்தில், தோட்டத்தை வாங்கியவரின் ஆள் வேலையில் வைத்துக்கொள்ளப் போகிறவர்களின் பெயரைப் படிப்பது கதைக்கே தேவை, அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். நல்லதங்காளை என்னால் ஒரேயடியாகப் படிக்க முடியவில்லை. கிணற்றடியில் அவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ஒவ்வொன்றும் "இருக்கேம்மா" என்கிறது, தண்ணீர்ச் சத்தம், அடுத்த பெயர். கடைசிப் பெயருக்குப் பதில் வருவதில்லை, மூத்தவன் ஓடப் பார்க்கிறான்.

பெயர், விளக்கு, பனி அல்லது ஈரம், பதில் இல்லாத இடைவெளி, பேரை எழுதிக்கொள்ளும் யாரோ ஒருவர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் நடக்கும் பெரட்டு. கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டைப், பார்த்துப் பெயர் கூப்பிட, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் பதில் சொல்லிவிட்டு மரத்துக்குக் கிளம்புவது. எமலோகமும் மதுரையும் கள்ளுக்கடையும் பெரியப்பாவின் கையில் சுங்கை சிப்புட் பக்கத்துப் பெரட்டுக் களமாகியிருக்கின்றன. பக்கத்துத் தோட்டத்துப் பிரதிகளில் இவை இப்படிச் சேர்ந்து வருவது ஓர் இடத்தில்கூட இல்லை. அவர்களும் தினமும் பெரட்டில் நின்றவர்கள்தான். அவர்களுடைய எமன் எருமையில் வந்து, வெண்பா பாடிவிட்டுப் போகிறான்.

சொல் அப்படியே திரும்பாமல் படிமங்கள் கொத்தாகத் திரும்புவதை வால்டர் வைட்டர் என்பவர் 1794இலேயே ஷேக்ஸ்பியரிடம் கண்டார். முகத்துதி செய்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், குழையும் நாய், இனிப்புப் பண்டம், உருகுவது ஆகியவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. 1946இல் எட்வர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் இதை இன்னும் விரிவாகக் காட்டினார். தொடரைத் திருடலாம், கொத்தைத் திருடுவது கஷ்டம். ஏனென்றால் எழுதியவருக்கே அது இருப்பது தெரியாது.

அத்தையிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். பெரியப்பா பெரட்டில் நின்ற அனுபவம் இப்படி வந்திருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மறித்தார். "அண்ணன் எங்கடா பெரட்டுக்குப் போனாரு? மரத்துல கத்தி வச்சதே இல்ல. ஆத்தாதான் போவும். நாங்க ரெண்டு பேரும் லயத்துல படுத்துக்கிட்டே கேப்போம். ஆத்தா பேரு வர்ற வரைக்கும் அண்ணன் தூங்க மாட்டாரு. பேரு கூப்ட்டு ஆத்தா 'இருக்கேன்'னு சொன்னதும்தான் திரும்பிப் படுப்பாரு. ஒருநா ஆத்தாவுக்கு இருமல், சத்தமே வரல. அண்ணன் எந்திரிச்சு உக்காந்துட்டாரு."

வீட்டுக்கு வந்து நோட்டுகளைத் திரும்பப் புரட்டினேன். பெயர் கூப்பிடும் எல்லா இடத்திலும், துண்டாடல் நாடகம் உட்பட, அடைப்புக்குறிக்குள் 'உள்ளே குரல்' என்று எழுதியிருக்கிறார். கூப்பிடுகிறவன் மேடையில் நிற்பதே இல்லை. அவனுக்கு முகம் கிடையாது, வேடமும் கிடையாது. துண்டாடல் நாடகத்தில் அந்த ஆள் மேடையில் நின்றால்தான் காட்சி எடுபடும். அப்படியும் குரலை உள்ளேதான் வைத்திருக்கிறார். மேடைக் கணக்கில் பார்த்தால் இது தப்பு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 1935இல் கேரலின் ஸ்பர்ஜன் என்ற ஆய்வாளர் ஷேக்ஸ்பியரின் படிமங்களையெல்லாம் வகைப்படுத்தி, அதிலிருந்து அவர் எப்படிப்பட்ட மனிதர், எதை விரும்பினார், எதை வெறுத்தார் என்று ஒரு ஆளையே உருவாக்கிக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதியை அவ்வளவாக ஏற்கவில்லை. நாடகத்தில் பேசுவது பாத்திரம், அதன் வாயைப் பிடுங்கி எழுதியவரின் வாழ்க்கையைச் சொல்லவைக்கக் கூடாது என்றார்கள். நியாயம்தான். அத்தை சொல்லாமல் இருந்திருந்தால் பெரியப்பா பெரட்டில் நின்றவர் என்றே நோட்டுகள் என்னை நம்பவைத்திருக்கும். கொத்து இருக்கிறது என்பதை யாருக்கும் காட்டமுடியும். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு நோட்டு சாட்சி சொல்லாது, பக்கத்தில் படுத்திருந்த தங்கைதான் சொல்ல வேண்டும்.

அட்டையில்லாத நோட்டு

இதெல்லாம் வெறும் ரசனைப் பேச்சாக நின்றிருக்கும், அட்டை கிழிந்த அந்த நோட்டு ஒன்று இல்லாமல் இருந்தால். லவகுசா கதை. பெரியப்பாவின் பெட்டியில்தான் இருந்தது, ஆனால் கையெழுத்து வேறு. பிரதி எடுத்தவர் கையாக இருக்கலாம். சேர்க்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார் அண்ணன். பெரியப்பாவின் மகன் அவர். அதில் வயிறு பற்றி எரிகிறது, நீதி உறங்குகிறது, தர்மம்கூடத் தலை குனிகிறது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்.

'மூன்றாம் எட்வர்ட்' என்ற நாடகத்துக்கும் இதே வழக்குத்தான். 1596இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சானது. அழுகும் அல்லி களையைவிட மோசமாக நாறும் என்று அதில் ஒரு வரி. ஷேக்ஸ்பியரின் 94ஆம் சானெட்டின் (பதினான்கு வரிப் பாட்டு) கடைசி வரியும் அதுவே, சொல்லுக்குச் சொல். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. 2009இல் பிரையன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், மாணவர்கள் காப்பியடிப்பதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளால் சொற்கோவைகளை ஒப்பிட்டு, பாதிக்குக் குறைவான பகுதி ஷேக்ஸ்பியர், மிச்சம் அதே காலத்து நாடகாசிரியர் தாமஸ் கிட் என்றார். கிட்டின் பங்கைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

லவகுசா நோட்டில் பெயர் கூப்பிடும் இடம் வராமல் இல்லை. வால்மீகி ஆசிரமத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். பட்டப்பகல், எதிரே நின்றுகொண்டு. விளக்கும் இல்லை, பனியும் இல்லை, பதில் உடனே வருகிறது. பெரியப்பா எழுதியிருந்தால் அந்த இடத்தை அப்படி விட்டிருக்க மாட்டார் என்பது என் கட்சி. இல்லாததை வைத்து வழக்காடக் கூடாது என்கிறார் அண்ணன், அதுவும் சட்டம்தான். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தர்மம் தலை குனியும் வசனம் அதில் குசன் வாயில் வருகிறது. மண்டோர் எந்தக் காலத்தில் குசன் வேடம் கட்டினார்? மேடையில் கேட்டுப் பழகிய யாரோ எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "அப்ப மத்ததெல்லாம் பழைய சரக்குதான்னு நீங்களே ஒத்துக்கிறீங்க" என்றார். ஆமாம் என்றேன். "எமன் பேர் கூப்பிடுறப்ப நான் மேடைக்குப் பின்னாலதான் நின்னேன். அந்தக் குரல் நான்தான். அதத் திரும்பத் திரும்ப எழுதுனாருன்னு எனக்குத் தோணவே இல்லையே" என்று கொஞ்சம் எரிச்சலோடு சொல்லிவிட்டு நல்லதங்காள் நோட்டை இரவல் கேட்டார்.

லவகுசாவைப் பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. "லவனும் குசனும் நல்லாத்தான் பேசுறாங்க, யாரு எழுதுனா என்ன, போடுங்கடா" என்று அத்தை சொல்லிவிட்டார். தொகுப்பின் கடைசியில், ஆசிரியர் பெயர் போடாமல் சேர்ப்பது என்று இப்போதைக்கு ஒரு சமாதானம். அண்ணனுக்கு அதில் திருப்தியில்லை, எனக்கும் இல்லை. முன்னுரையைத் தலைமையாசிரியர் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.